கோடு விழுந்த சதுரங்கள்

பாளையங்கோட்டை
11.9.2023

கர்த்தருக்குள் அன்பான சாரம்மாள் பெரியம்மாவுக்கு டார்லின் எழுதுவது,

தோத்திரம். நானும் ஷிபினும் சுகம். உங்கள் கால் வீக்கம் வடிந்ததா? மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா, இல்லை அதையும் டப்பாவில் சேர்த்து வைக்கிறீர்களா?

எனக்கு ஆறாவது மாதம் நடக்கிறது. மாஞ்சோலையில் மட்டும் செல்போன் டவர் இருந்திருந்தால் தினமும் கூப்பிட்டு என் வாந்திக் கதையை ஒன்று விடாமல் சொல்லியிருப்பேன். தப்பித்தீர்கள். இந்தக் காலத்தில் புருஷனுக்குக்கூட எழுதாத லெட்டரைப் பெரியம்மாவுக்கு எழுதுகிறாளே என்று ஷிபினுக்குப் பொறாமை.

எனக்கு ஆராய்ச்சி வேலை கிடைத்த விஷயம் சொன்னேன் இல்லையா? பிறக்கும்போதே நோய் எதிர்ப்புச் சக்தி இல்லாமல் பிறக்கிற பிள்ளைகளைப் பற்றி டாக்டர் விஜயஸ்ரீ நடத்துகிற ஆராய்ச்சி அது. தூசி அலர்ஜி, பால் அலர்ஜி என்று வருகிற பிள்ளைகளையும் பார்க்கிறோம். ஆனால் டாக்டர் தேடுவது அந்தப் பிள்ளைகளைத்தான். நான் வீடு வீடாகப் போய்க் குடும்ப மரம் வரைய வேண்டும். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். இறந்தவர் என்றால் அதன் மேல் குறுக்கே ஒரு கோடு. படிவத்தில் தப்பாக எழுதிவிட்டால் அழிக்கவும் கூடாது, வெள்ளை பூசவும் கூடாது. தப்பின் மேல் ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்தும் அன்றைய தேதியும் போட வேண்டும். முதல் வாரம் நான் போட்ட கையெழுத்து, கல்யாண ரிஜிஸ்தரில் போட்டதைவிட அதிகம்.

பழக்கத்துக்காக ஆளுக்கொரு மரம், தன் குடும்பத்தையே வரைந்து வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். அம்மா இருந்திருந்தால் அவளிடம் கேட்டிருப்பேன். அவள் போய் ஐந்து வருஷம் ஆகிறது. தாத்தாவின் வேதபுத்தகம் உங்களிடம்தானே இருக்கிறது? முதல் பக்கத்தில் அவர் எழுதி வைத்த பிறப்பு, இறப்பு எல்லாவற்றையும் பார்த்து எழுதி அனுப்புங்கள். முக்கியமாக, அம்மா வழியில் ஆண் பிள்ளைகள் யாராவது சின்னதிலேயே இறந்திருக்கிறார்களா என்று டாக்டர் கேட்பார்.

காலைக் கவனித்துக்கொள்ளுங்கள். உங்கள் பதிலைப் பார்த்திருக்கும்,
டார்லின்


மாஞ்சோலை
20.9.2023

அன்பு மகள் டார்லினுக்குப் பெரியம்மாவின் ஆசீர்வாதம்.

ஏட்டி, உன் கடிதம் வந்தது. நான் சுகம். கால் வீங்கும், வடியும். நாள் முழுக்க நிற்கிற கால் வீங்கத்தானே செய்யும்? காப்பகத்தில் பதினோரு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன். அம்மாமார் தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு வந்து எடுத்துப்போகும் வரைக்கும் பதினொன்றும் என் தலையில்தான். பல்லில்லாதது பாதி, கடிக்கிறது பாதி.

வேதபுத்தகத்தில் இருப்பதை அப்படியே எழுதியிருக்கிறேன். உன் தாத்தா தலைப்புப் போட்டு, கோடு கிழித்து, அச்சுப் போல எழுதியிருக்கிறார்.

சாரம்மாள், பிறப்பு 2.5.1966, ஞானஸ்நானம் 10.7.1966.
தேவமணி, பிறப்பு 19.11.1970, ஞானஸ்நானம் 3.1.1971.
எபனேசர், பிறப்பு 8.8.1974, ஞானஸ்நானம் 6.10.1974.
டார்லின், தேவமணியின் மகள், பிறப்பு 14.4.1995, ஞானஸ்நானம் 20.8.1995.

நீ பிறந்து நாலு மாதம் உன் பெயர் ஏறவில்லை. ஞானஸ்நானம் ஆகாமல் தாத்தா பேனாவைத் தொட மாட்டார். உன் அம்மா சண்டை போட்டாள், அப்போதும் அசையவில்லை.

நம் வீட்டு ஆம்பிள்ளைக்கு உதாரணம் வேண்டுமானால் எபனேசர் மாமாவைப் பார். கங்கைகொண்டானில் கம்பெனி வேலை, ஐம்பதை நெருங்குகிறான், இதுவரைக்கும் ஒரு ஜலதோஷம் உண்டா? என் பெயருக்குக் கீழே பக்கம் வெறுமையாகத்தான் இருக்கிறது. உள்ளதை எழுதிவிட்டேன்.

உனக்கு ஆண் பிள்ளை பிறந்தால் ஆசீர் என்று பெயர் வை. பெண் என்றால் உன் இஷ்டம். கம்பளி நூல் வாங்கி வைத்திருக்கிறேன். தொப்பி பின்னி அனுப்புகிறேன். பாளையங்கோட்டை வெயிலில் கம்பளித் தொப்பியா என்று ஷிபின் சிரிப்பான், சிரிக்கட்டும்.

பஸ் டிரைவர் பீர் முகம்மது ஹார்ன் அடிக்கிறார். கல்லிடைக்குறிச்சியில் பெட்டியில் போட்டுவிடுவார். முருங்கைக்கீரை சாப்பிடு.

பெரியம்மா


பாளையங்கோட்டை
16.10.2023

கர்த்தருக்குள் அன்பான பெரியம்மாவுக்கு,

தோத்திரம். நான் சுகம். பிள்ளை உதைக்கிற உதையில் தாளில் கோடு நேராக வரவில்லை.

என் குடும்ப மரத்தைப் பார்த்து டாக்டர் ரொம்பச் சந்தோஷப்பட்டார். மற்றவர்கள் எல்லாம் ஞாபகத்தில் இருந்து சொன்னதை வரைந்து வந்தார்கள். "உங்க வீட்டுலதாம்மா எழுத்து ஆதாரமே இருக்கு" என்றார். என் பிள்ளைக்கும் பிறந்ததும் ரத்தப் பரிசோதனை பண்ணலாமா என்று கேட்டேன். குடும்பத்தில் அப்படி இறந்த ஆண் பிள்ளை இருந்தால்தான் தேவை, உன் மரம் சுத்தமாக இருக்கிறது, வீணாகப் பயப்படாதே என்று சொல்லிவிட்டார்.

போன வாரம் தச்சநல்லூரில் ஒரு வீட்டுக்குப் போனேன். பெயர் சொல்லக் கூடாது என்பது சட்டம். நான் கேட்ட கேள்விக்கெல்லாம் மாமியார்தான் பதில் சொன்னார். "எங்க வீட்டுல எல்லாம் நல்லாத்தான் இருக்கு, வேற சொல்லதுக்கு ஒண்ணுமில்ல." மருமகள் தலையைக் குனிந்துகொண்டு காப்பி கொடுத்தாள். நான் வண்டியை எடுக்கும்போது வாசலைப் பெருக்குகிற மாதிரி வந்து, "எக்கா, இதுக்கு முந்தி ரெண்டு பயலுவ உண்டும். எழுதிக்கிடுங்க. நாஞ் சொன்னேன்னு சொல்லிராதீங்க" என்றாள். வாயெல்லாம் வெள்ளை பூத்து, வயிற்றுப்போக்கு நிற்காமல், நாலு மாதத்துக்குள் இரண்டும் போயிருக்கின்றன. மரத்தில் இரண்டு சதுரம் வரைந்து கோடு போட்டேன்.

இந்த நோய் தாய் வழியாக வரும், மகன்களைத் தாக்கும். தாய்க்கு ஒன்றும் செய்யாது. பிறந்ததும் எல்லாப் பிள்ளைக்கும் கையில் பி.சி.ஜி. ஊசி போடுகிறார்களே, அதில் இருப்பது உயிருள்ள கிருமி. நல்ல பிள்ளைக்கு அது காவல். எதிர்ப்புச் சக்தியே இல்லாத பிள்ளைக்கு அந்த ஊசியே நோயாகி உடம்பு முழுக்கப் பரவிவிடும். முன்கூட்டியே தெரிந்தால் ஊசியை நிறுத்தி வைத்து, மூன்று மாதத்துக்குள் எலும்பு மஜ்ஜை மாற்றிப் பிழைக்க வைத்துவிடலாம் என்கிறார் டாக்டர். முன்கூட்டித் தெரிவதுதான் எல்லாம். அதற்குத்தான் வீடு வீடாக அலைகிறேன்.

ஆசீர் என்ற பெயர் ஷிபினுக்கும் பிடித்திருக்கிறது.

அன்புடன்,
டார்லின்


மாஞ்சோலை
12.11.2023

டார்லினுக்குப் பெரியம்மா எழுதுவது.

பதில் தாமதமாகிவிட்டது. மழை. நான் சுகம். நீ எப்படி இருக்கிறாய்? தொப்பி முடியவில்லை. இரண்டு தடவை பின்னிப் பிரித்துவிட்டேன்.

ஒன்று கேட்க வேண்டும். இங்கே எனக்குத் தெரிந்த ஒருத்தி இருக்கிறாள். அவளுக்கும் நீ எழுதிய மாதிரிப் பிள்ளைகள் போயின. வாய் வெள்ளை பூத்துத்தான் போயின. அவள் பாலில் விஷம் என்று மாமியார் சொன்னாளாம். அதை உன் டாக்டரிடம் கேட்டு எழுது. பால் காரணமாக இருக்குமா, இருக்காதா? நிச்சயமாகக் கேட்டு எழுது. கேட்காமல் நீயாக எழுதாதே.

பெரியம்மா


பாளையங்கோட்டை
27.11.2023

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

தோத்திரம். நான் சுகம். உங்கள் கடிதம் இவ்வளவு சின்னதாக வந்ததே இல்லை. உடம்புக்கு ஏதாவது செய்கிறதா?

டாக்டரிடம் கேட்டேன். பால் காரணமே இல்லை. பால் கொடுத்திருந்தாலும் போயிருக்கும், கொடுக்காமல் இருந்திருந்தாலும் போயிருக்கும். "அந்தம்மாகிட்டச் சொல்லு, அவங்க ஒரு தப்பும் பண்ணல" என்றார். நீங்கள் அந்தப் பெண்ணிடம் இதை எப்படியாவது சொல்லிவிடுங்கள்.

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். அந்தப் பெண்ணுக்குத் தங்கைகள் உண்டா? தங்கைக்கு மகள் இருந்து, அவள் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தால் உடனே எங்களிடம் வரச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளைக்குப் பரிசோதனை பண்ணாமல் பி.சி.ஜி. போடவே கூடாது. விலாசம் எழுதினால் நானே கடிதம் போடுகிறேன்.

எனக்கு டிசம்பர் இருபதாம் தேதி சொல்லியிருக்கிறார்கள். ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.

டார்லின்


பாளையங்கோட்டை
24.12.2023

கர்த்தருக்குள் அன்பான பெரியம்மாவுக்கு,

தோத்திரம், கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். ஆண் பிள்ளை! டிசம்பர் 19, காலை ஒன்பது இருபதுக்கு. இரண்டே முக்கால் கிலோ. ஆசீர் என்றே கூப்பிடுகிறோம்.

தாமிரபரணி இப்படிப் பெருகி நான் பார்த்ததே இல்லை. ஜங்ஷன் பக்கம் இடுப்பளவு தண்ணீர். ஷிபின் என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்குப் போனவர் மறுநாள்தான் வந்து சேர்ந்தார். உங்கள் மலைப்பாதையும் உடைந்துவிட்டது, பஸ் இல்லை, தோட்டத்து ஆபீஸ் போனும் செத்துவிட்டது என்று பேப்பரில் படித்தேன். சாப்பாட்டுக்கு என்ன செய்கிறீர்கள்?

ஆசீருக்கு மறுநாளே பி.சி.ஜி. போட்டார்கள். ஒரு வீறல், அவ்வளவுதான். இடது கையில் கடுகளவு தடிப்பு. அதைப் பார்த்துப் பார்த்து முத்தம் கொடுக்கிறேன். எத்தனை வீட்டில் இந்த ஊசியைப் பற்றிப் பயந்து பயந்து கேட்டிருப்பேன், என் பிள்ளைக்குப் பயமில்லாமல் போட முடிந்ததே என்று கர்த்தருக்கு நன்றி சொன்னேன்.

பாதை சரியானதும் இந்தக் கடிதம் உங்களுக்குக் கிடைக்கும். தொப்பி எங்கே?

டார்லின்


மாஞ்சோலை
10.12.2023

மகளே டார்லின்,

இந்தக் கடிதத்துக்கு ஆசீர்வாதம் எழுத எனக்குத் தகுதி இல்லை.

எனக்குத் தெரிந்த ஒருத்தி என்று எழுதினேன். அது நான்தான். அவளுக்கு ஒரு தங்கை உண்டு, உன் அம்மா. தங்கை மகள் நீ.

எனக்கு மூன்று பிள்ளைகள், மூன்றும் ஆண். மூன்றும் நாலு மாதம் தாண்டவில்லை. அப்போது சபை ஐயர் ஞானஸ்நானம் கொடுக்க மலையேறி வர நாலு மாதம், ஐந்து மாதம் ஆகும். அவர் வருவதற்குள் ஒவ்வொன்றாகப் போய்விட்டது. அதனால் வேதபுத்தகத்தில் இல்லை. பொய் எழுதவில்லை, பக்கம் வெறுமைதான் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன்.

இரண்டாவதும் போனபோது என் மாமியார், "ஒம் பாலு விஷம்ட்டி, ரெண்டையும் நீதான் கொன்ன" என்றாள். நான் நம்பினேன். போய்ச் சேர்ந்த உன் பெரியப்பா பாக்கியசீலனும் தாயைத் தடுக்கவில்லை. மூன்றாவது பிறந்தபோது நான் மார்பை இறுகக் கட்டிக்கொண்டேன். பவுடர் பால்தான். அவன் முகத்தை என் நெஞ்சில் தேய்த்துத் தேய்த்து அழுவான். ஒத்தாசைக்கு வந்திருந்த உன் அம்மா, "எக்கா, பசிச்சு அழுதான், ஒரு தடவ குடேன்" என்று கெஞ்சினாள். "குடுத்தா செத்துருவான்ட்டி" என்றேன். கை ஊசி போட்ட இடம் ஆறவேயில்லை, சீழ் வைத்துக்கொண்டே இருந்தது. என் பால் கிடைக்காமலே போனான். யாரிடமும் சொல்லக் கூடாது என்று வேதபுத்தகத்தின் மேல் தேவமணியிடம் சத்தியம் வாங்கினேன். சாகிற வரைக்கும் காப்பாற்றினாள்.

பால் காரணம் இல்லை என்று நீ எழுதினாய். அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் காப்பகத்துக்குப் போகவில்லை. முப்பத்திரண்டு வருஷமாக, பால் கொடுக்காததாவது சரி என்று நினைத்திருந்தேன்.

உன் பிள்ளைக்கு ஊசி போட விடாதே. பரிசோதனை பண்ணு.

13.12.2023. எழுதி மூன்று நாள் ஆகிறது. தினமும் பஸ் வந்து போகிறது. கையில் எடுத்துக்கொண்டு போய், கொடுக்காமல் திரும்பி வருகிறேன். நீ இதைப் படிக்கிற முகம் கண்ணில் தெரிகிறது.

16.12.2023. நாளைக்குக் கட்டாயம் கொடுத்துவிடுவேன். இருபதாம் தேதிக்கு இன்னும் நாள் இருக்கிறது.

18.12.2023. விடாத மழை. பாதை போய்விட்டது. பஸ் வரவில்லை. ஆபீஸ் போனும் வேலை செய்யவில்லை. நடந்தே இறங்கிவிடலாம் என்று கிளம்பினேன், முதல் வளைவிலேயே மண் சரிந்து கிடக்கிறது, காவல்காரர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

2.1.2024. இன்றைக்கு பஸ் வந்தது. அதில் உன் கடிதமும் வந்தது. ரோட்டில் நின்றே படித்தேன். கடுகளவு தடிப்பு என்று எழுதியிருக்கிறாய். இந்தக் கடிதத்தை பீர் முகம்மது கையில் கொடுக்கிறேன். ஆபீஸ் போன் இன்னும் சரியாகவில்லை, நேரில் வந்து சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, டார்லின்.

சாரம்மாள்


பாளையங்கோட்டை
9.1.2024

பெரியம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. அன்றைக்கே ரத்தம் எடுத்துவிட்டார்கள். இன்று முடிவு வந்தது. ஆசீருக்கு அந்த நோய் இருக்கிறது.

டார்லின்


மாஞ்சோலை
4.2.2024

அன்பு மகள் டார்லினுக்கு,

ஜனவரியில் இரண்டு கடிதம் போட்டேன். பதில் இல்லை. நீ எழுத வேண்டாம். பிள்ளை எப்படி இருக்கிறான் என்று ஷிபினாவது ஒரு வரி எழுதினால் போதும். உங்களைச் சென்னைக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள் என்று எபனேசர் சொல்லி அனுப்பினான். அவனிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அதற்கு அப்புறம் அவன் என்னோடு பேசவில்லை.

வந்து உனக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டு வெளியே உட்கார்ந்திருக்கிறேன். பிள்ளையைப் பார்க்கக் கேட்க மாட்டேன். வா என்று ஒரு வார்த்தை போதும். தொப்பியை இதோடு அனுப்புகிறேன்.

பெரியம்மா


சென்னை
18.3.2024

பெரியம்மாவுக்கு,

நான் சுகம் என்று எழுதிப் பழகிய கை, அதையே எழுதப் போனது.

ஆசீர் கண்ணாடி அறைக்குள் இருக்கிறான். நான் முகமூடி, கையுறை, நீல அங்கி போட்டுக்கொண்டுதான் தொடுகிறேன். என் முகம் அவனுக்குத் தெரியாது, கண் மட்டும்தான் தெரியும். கையில் கடுகளவு இருந்தது இப்போது ரூபாய் அகலத்துக்குப் புண். அக்குளில் நெறி கட்டி உடைந்திருக்கிறது. ஈரலுக்கும் போய்விட்டது. நாலு மருந்து போகிறது. ஷிபினின் மஜ்ஜை பாதி பொருந்துகிறது. ஆனால் ஊசிக் கிருமி அடங்கினால்தான் வைக்க முடியும் என்கிறார்கள். ஊசி மட்டும் போடாமல் இருந்திருந்தால் போன மாதமே வைத்திருப்பார்களாம். இங்கே உள்ள டாக்டருக்கு நம் கதை தெரியாது, சாதாரணமாகச் சொன்னார்.

உங்கள் மேல் எனக்குக் கோபம். எழுதாமல் இருந்தது அதனால்தான், நேரமில்லாமல் இல்லை. செப்டம்பரில் கேட்டேன். அக்டோபரில் எழுதினேன். நவம்பரில் உங்களைப் பற்றி உங்களிடமே எழுதியிருக்கிறேன். பத்தாம் தேதியில் இருந்து பதினாறு வரைக்கும் பஸ் ஓடியிருக்கிறது பெரியம்மா. என் மேலும் கோபம். ஊர் வீடெல்லாம் ஏறி இறங்கி, எத்தனை பெற்றீர்கள், எத்தனை இருக்கிறது என்று இரண்டு கேள்வி தனித்தனியாகக் கேட்கிறவள் நான். உங்களிடம் மட்டும் வேதபுத்தகத்தைப் பார்த்து எழுதச் சொன்னேன்.

வர வேண்டாம். தொப்பியை உள்ளே விடவில்லை, கம்பளியில் தூசி சேருமாம். என் பையில் இருக்கிறது.

டார்லின்


பாளையங்கோட்டை
27.5.2024

பெரியம்மாவுக்கு,

தோத்திரம். ஏப்ரல் 22, மதியம் பன்னிரண்டரைக்கு ஆசீர் போய்விட்டான். மாமா சொல்லி அனுப்பியிருப்பார். நாலு மாதம், மூன்று நாள். கடைசியில் அங்கி, முகமூடி எதுவும் வேண்டாம் என்று நர்சம்மா சொல்லிவிட்டார். வெறும் கையால் தூக்கினேன். என் முகத்தைப் பார்த்து யாரோ என்று விழித்தான்.

ஞானஸ்நானம் ஆகவில்லை. சபை ஐயர் கண்ணாடிக்கு வெளியே நின்று ஜெபம் பண்ணினார். அவசரத்துக்கு உள்ளே இருக்கிற யாரும் கொடுத்திருக்கலாம், நர்சம்மாவே கொடுத்திருக்கலாம் என்று அடக்கம் முடிந்த பிறகுதான் ஒருவர் சொன்னார். தாத்தாவின் கணக்குப்படி ஆசீரும் பிறக்கவே இல்லை.

போன வாரத்தில் இருந்து வேலைக்குப் போகிறேன். வீட்டில் இருக்க முடியவில்லை. முதல் நாள் டாக்டர் என் பழைய படிவத்தை எடுத்து மேஜையில் வைத்துவிட்டு, தானே திருத்துகிறேன் என்றார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது. நான் விடவில்லை. நான் எழுதியது, நான்தான் திருத்த வேண்டும். உங்கள் வட்டத்துக்குக் கீழே "பிள்ளைகள் இல்லை" என்று எழுதியிருந்தேன். அதன் மேல் ஒரு கோடு போட்டேன். கீழே மூன்று சதுரம் வரைந்து, ஒவ்வொன்றின் மேலும் கோடு போட்டேன். என் வட்டத்துக்குக் கீழே ஒன்று வரைந்தேன். அதற்கும் போட்டேன். கையெழுத்து, தேதி.

மூன்று பேரின் பிறந்த தேதி, இறந்த தேதி, கூப்பிட்ட பெயர் வேண்டும். பெயர் ஆராய்ச்சிக்குத் தேவையில்லை. எனக்குத் தேவை. உங்கள் ரத்தமும் ஐந்து மில்லி வேண்டும். இனி நம் வழியில் யாருக்குப் பிள்ளை பிறந்தாலும் முதல் நாளே தெரிய வேண்டும்.

கம்பெனி தோட்டத்தை மூடுகிறது, எல்லோரும் மலையை விட்டு இறங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். மாமா வீட்டில் இடம் இருக்குமா தெரியவில்லை. இங்கே ஒரு அறை சும்மா கிடக்கிறது. தொட்டிலை ஷிபின் கழற்றி வைத்துவிட்டார். மன்னித்துவிட்டேன் என்று எழுத எனக்கு இன்னும் வரவில்லை. ஆனாலும் வாருங்கள்.

டார்லின்


மாஞ்சோலை
12.6.2024

மகள் டார்லினுக்குப் பெரியம்மா எழுதுவது,

நான் சுகம். நீ சுகமா என்று கேட்க வாய் வரவில்லை. சாப்பிடுகிறாயா?

இங்கே லாரி லாரியாகச் சாமான் இறங்குகிறது. காப்பகத்தில் இரண்டு பிள்ளைதான் பாக்கி. நாளையோடு அதுவும் இல்லை. ஒவ்வொருவரும் வீட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு அழுகிறார்கள். எனக்கு அழுகை வரவில்லை. அரிவாளை எடுத்துக்கொண்டு நம் சபைக் கோவிலுக்குப் பின்னால் சரிவுக்குப் போனேன். உன் பெரியப்பா வைத்த மூன்று கல்லும் புதருக்குள் இருந்தன. வெட்டித் துடைத்து வைத்தேன். நாங்கள் இறங்கியதும் காடு மூடிவிடும்.

முதல் பிள்ளை 3.3.1986இல் பிறந்தான், 17.6.1986இல் போனான். இரண்டாவது, பிறப்பு 11.8.1988, போனது 20.11.1988. மூன்றாவது, பிறப்பு 9.1.1991, போனது 2.4.1991.

இரண்டாமவனை ஜெபசிங் என்று கூப்பிட்டோம். மூன்றாவதற்கு நான் பெயரே யோசிக்கவில்லை. வைத்தால் போய்விடுவானோ என்று பயம். உன் அம்மாதான் அவனை மடியில் போட்டுக்கொண்டு ராசா, ராசா என்பாள். அதையே எழுதிக்கொள்.

முதல் பிள்ளையின் பெயர் உனக்குத் தெரியும். ஆசீர். அவன் பிறப்பதற்கு முன்பே நான் எடுத்து வைத்த பெயர். அந்தப் பெயர் ஒரு தடவையாவது வேதபுத்தகத்தில் ஏறட்டும் என்று ஆசைப்பட்டு உனக்குக் கொடுத்தேன். பெயரைக் கொடுத்தவள், அதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. நீ மன்னிக்க வேண்டாம். என்னாலேயே முடியவில்லை.

நேற்று வேதபுத்தகத்தை எடுத்து முதல் பக்கத்தைத் திறந்தேன். அப்பா எழுத்துக்குக் கீழே நாலு பேரையும் எழுதினேன். ஆசீர், ஜெபசிங், ராசா, உன் ஆசீர். ஞானஸ்நானத் தேதிக்கு நேரே ஒன்றும் எழுதவில்லை. நீ சொன்ன மாதிரி பக்கத்தில் என் கையெழுத்தும் தேதியும் போட்டிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். வேதபுத்தகமும் ஒரு பையும்தான். இந்தக் கடிதத்தை பீர் முகம்மது இன்றைக்கே பெட்டியில் போட்டுவிடுவார், அவர் போடுகிறதை நானே கூடப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புகிறேன்.

ரத்தம் எடுக்க வெறும் வயிற்றோடு வர வேண்டுமா என்று நீ எழுதவில்லை. நான் ஒன்றும் சாப்பிடாமலே வருகிறேன்.

பெரியம்மா